ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள், மிஸி. உங்களிடம் இரண்டு போத்தல் இருக்கவில்லை. ஒன்றுதான் இருந்தது.

நேற்று வீட்டுக் கூரைக்குக் கிடுகு மாற்றினோம். மூன்று மாரி தாங்கிய கிடுகு. கை பட்டவுடன் கறுப்புத் தூளாகக் கொட்டியது. அக்கா படுக்கும் மூலைக்கு மேலே, வளைமரத்துக்கும் கிடுகுக்கும் இடையில், ஒரு பொலித்தீன் முடிச்சு செருகியிருந்தது. கூரையில் இருந்த அத்தான் அதை இழுத்துக் கீழே எறிந்தார். பாம்புச் சட்டையாக்கும் என்று அம்மா விலகி நின்றார். நான் எடுத்து அவிழ்த்தேன். உள்ளே பதினொரு குளிசை. சில மஞ்சள் பிடித்து ஓரம் உதிர்ந்திருந்தன. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்று தரம் மலேரியா வந்தவளுக்கு அந்தக் கசப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை உங்களுடைய குளிசைகள்.

நீங்கள் புதுக்குடியிருப்புக்கு வந்தது ஒரு பங்குனி வெயிலில். வெள்ளை வாகனம், அதில் கொடி, பின்னால் இரண்டு தகரப் பெட்டி. ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த வெள்ளைக்காரத் தாதி. உங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் எடுத்திருந்த வீட்டில் ஆண்கள் நான்கு பேர் இருந்தார்கள். கிளினிக்குக்குப் பக்கம் என்பதால் எங்கள் மண்சுவர் வீட்டின் முன்னறையை உங்களுக்குக் கேட்டார்கள். எனக்கு உங்கள் மொழிபெயர்ப்பாளர் வேலை. அம்மாவுக்கு வாடகை. நாங்கள் உருத்திரபுரத்தில் வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மண்சுவர்கூட எங்களுடையதல்ல. யாரோ ஒருவருடைய தென்னங்காணி.

நீங்கள் விரும்பி வந்தவர். நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். ஒரே கிணற்றில் குளிக்கப் பழகினோம் என்பதற்காக அது இரண்டும் ஒன்றாகிவிடாது. முதல் மாதம் முழுவதும் இதை உங்களிடம் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தேன். நீங்கள் கோபிக்கவில்லை. தலையை ஆட்டினீர்கள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது.

உங்களிடம் ஒரு சுற்றுலாப் புத்தகம் இருந்தது. அட்டையில் கடலும் தென்னையும் மணலும். உள்ளே இந்தத் தீவின் படம். எங்கே நல்ல தங்குமிடம், எங்கே யானை பார்க்கலாம், எந்தக் கடற்கரையில் எந்த மாதம் குளிக்கலாம் என்று எல்லாம் இருந்தது. வவுனியாவுக்கு மேலே ஒன்றும் இல்லை. வெறும் தாள். அந்த வெறும் தாளில் ஒருநாள் நீங்கள் பேனையால் கிளினிக்கைக் குறித்தீர்கள். பிறகு கிணறு, சங்கக்கடை, பக்கத்து மாமியின் வீடு, ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர். நான் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமியிடம் அகப்பட்டால் இதற்காகவே உங்களை உள்ளே போடுவார்கள் என்றேன். உடனே அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் வைத்தீர்கள். இப்போது அதற்காக வருந்துகிறேன். எங்கள் வீட்டை யாரும் ஒரு படத்தில் குறித்தது அந்த ஒரு தரம்தான்.

உங்கள் முதல் குளிப்பு நினைவிருக்கிறது. நீச்சல் உடுப்போடு கிணற்றடிக்குப் போக வெளிக்கிட்ட உங்களை அம்மா வாசலில் மறித்து, தன்னுடைய பழைய சீலைத் துண்டு ஒன்றைக் குறுக்குக்கட்டாகக் கட்டிவிட்டார்.

“நெஞ்சுக்கு மேலை இறுக்குங்கோ பிள்ளை. இன்னும். மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது.”

இரண்டாவது வாளியில் முடிச்சு அவிழ்ந்தது. வாளியைக் கைவிட்டுச் சீலையைப் பிடித்தீர்கள். வாளி கிணற்றுக்குள் போயிற்று. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமி, கையில் அகப்பையோடு, வந்த வேலையை மறந்து நின்றார்.

“பெயின்ற் கரையுதோ எண்டு பாத்தனான்,” என்றார் என்னிடம். “கரையேல்லை. அசல்தான்.”

அதை நான் உங்களுக்கு மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. நீங்கள் ஈரத்தோடு நின்று சிரித்துவிட்டு, வந்த கிழமையில் கற்றிருந்த ஒரே தமிழை வேலிக்கு மேலால் சொன்னீர்கள்: “பிரச்சினை இல்லை.” அன்றைக்கு மாமி உங்களுக்கு ஒரு கோப்பை பலாக்கொட்டைக் கறி கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். சம்பலின் உறைப்பில் விக்கல் எடுத்தபோது பிரச்சினை இல்லை. சவர்க்காரம் முடிந்து, சாம்பலால் சட்டி தேய்த்த கையோடு வந்தபோது பிரச்சினை இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாமல், நாலு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியபோது, அந்தப் புகையில் வாந்தியெடுத்துவிட்டு, பிரச்சினை இல்லை. ஆறு மாதம் முடிந்தது. நீங்கள் போகவில்லை. இன்னொரு ஆறு மாதத்துக்குக் கையொப்பம் வைத்தீர்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். உங்களுக்குப் போக ஒரு நாடு இருக்கும்போது ஏன் இங்கே கிடக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். “அங்கே எனக்குக் காலையில் ஒருவரும் தேத்தண்ணி தருவதில்லை,” என்றீர்கள். பகிடி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீங்கள் குசினிக்கு வருவீர்கள். அம்மா பலகைக்கட்டையைத் தள்ளிப் போடுவார். வெறுந்தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அந்தக் குசினியில் வைத்துத்தான் உங்கள் மலேரியாக் குளிசையைக் குடிப்பீர்கள். கிழமைக்கு ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அலுவலகம் கொடுப்பது. வாயில் போட்டு, தேத்தண்ணியை விட்டு விழுங்கி, முகத்தைக் கோணி, நாக்கை வெளியே நீட்டி அம்மாவுக்குக் காட்டுவீர்கள். அம்மா சிரித்துக்கொண்டு பனங்கட்டியை நீட்டுவார். பிள்ளைக்கு மருந்து கொடுத்த தாயின் முகம் அவருக்கு.

எங்களுக்கு அப்படி ஒரு குளிசை கிடையாது. காய்ச்சல் வந்தால் கிளினிக். அங்கே இருந்தால் மருந்து. உங்கள் மருந்துப் பட்டியலில் பாதியைக் கொழும்பில் வெட்டித்தான் அனுப்புவார்கள். மிச்சத்தில் பாதி வவுனியாவில் வெயிலில் கிடக்கும். காய்ச்சல் வராமல் தடுக்கும் மருந்து என்பது வெள்ளை வாகனத்தில் வருகிறவர்களுக்கு உரியது என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மாரிக்கு முன்னரே சண்டை தொடங்கி வவுனியாப் பாதையைப் பூட்டினார்கள். உங்கள் வாகனங்கள் வரவில்லை. கடிதம் வரவில்லை. மழை மட்டும் வந்தது, அதோடு மலேரியா நுளம்பும். அப்போது அக்காவுக்கு ஐந்தாம் மாதம்.

அக்காவின் முதல் பிள்ளை நாங்கள் இடம்பெயர்ந்து வந்த முதல் மாரியில் போனது. ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது, அடுத்த நாள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. நான்தான் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு உழக்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அக்கா பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்திருந்தாள். வீடு வரும்வரை பிடியை விடவில்லை.

இந்தத் தரம் அப்படி விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான். அக்கா இல்லை.

ஒரு மத்தியானம், கிளினிக்கில் ஆட்கள் குறைந்த நேரம், காயம் கட்டும் பழைய சீலைகளை அவித்துச் சுற்றிக்கொண்டிருந்தோம். உங்கள் குளிசையில் அக்காவுக்கும் கிழமைக்கு ஒன்று தரமுடியுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை. ஒரு மரத்தில் தொங்குகிறதைப் பறித்துத் தரச் சொல்வதுபோலச் சொன்னேன். உங்களிடம் எப்போதும் இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று நாங்கள் நம்பினோம். உங்கள் தகரப் பெட்டிக்கு அடி இல்லை என்று நம்பினோம். இந்த நம்பிக்கையை யார் எங்களுக்குள் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது; ஆனால் உலக உணவுத் திட்டம் கொடுக்கும் பருப்புக்கு வரிசையில் நின்று நின்று அது எங்கள் எலும்புக்குள் போய்விட்டது.

நீங்கள் கொஞ்ச நேரம் துணியையே சுற்றினீர்கள். பிறகு, கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும் என்றீர்கள். உங்களுக்குக் காணுமா என்று கேட்டேன். அதையாவது கேட்டேன்.

“எனக்கு ரெண்டு போத்தல் இருக்கு,” என்றீர்கள் தமிழில். “பிரச்சினை இல்லை.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் குசினிக்குக் கூப்பிட்டேன். உங்கள் கையிலிருந்து ஒரு குளிசை அக்காவின் கைக்குப் போனது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று நீங்கள் கேட்டீர்கள்.

நன்றி சொல்கிறாள் என்றேன்.

நீங்கள் அக்காவின் தோளில் தட்டினீர்கள். அக்கா குளிசையை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். நீங்களும் உள்ளங்கையை வாயோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தீர்கள். அப்படிப் பதினொரு ஞாயிறு.

அந்த ஞாயிறுகளில் நீங்கள் முகத்தைக் கோணவில்லை, மிஸி. நாக்கை நீட்டிக் காட்டவில்லை. அம்மா நீட்டிய பனங்கட்டியை அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, பழகிவிட்டா என்று நினைத்தேன். உறைப்புப் பழகியதுபோல, குறுக்குக்கட்டுப் பழகியதுபோல, கசப்பும் பழகிவிட்டது. அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

“மிஸி இப்ப எங்கடை ஆள்தான். குளிசை குடிக்கவும் பழகிட்டா.”

தை மாதம் ஒரு வியாழக்கிழமை கிளினிக்கிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். ஏறி ஓடாமல் உருட்டி வந்ததைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் உங்களுக்குப் பல்லுக் கிடுகிடுத்தது. அம்மா வீட்டிலிருந்த போர்வைகளைப் போட்டு, போதாமல் சாக்கையும் போட்டு, அதற்கு மேல் தானும் சாய்ந்து படுத்தார். சாக்குக்குள்ளிருந்து பிரச்சினை இல்லை என்றீர்கள். ஆஸ்பத்திரியில் விரல் குத்தி இரத்தம் பார்த்தார்கள். மூளை மலேரியா என்றார்கள். ஏற்ற வேண்டிய மருந்து ஒரு நாளைக்குத்தான் இருந்தது.

வவுனியாவுக்குக் கொண்டுபோனால் தப்பலாம் என்று வைத்தியர் சொன்னார். பூட்டிய பாதையால் உங்களைக் கொண்டுபோகக் கொழும்பிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். இந்தப் பக்கத்திலும் ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் ஓம் என்றது. மற்றப் பக்கம் ஓம் என்றது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நீங்கள் விடிய ஆறு மணிக்குப் போய்விட்டீர்கள். வெளிநாட்டுக்காரிக்கே மூன்று நாள். எங்கள் பெண்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே ஒருவரும் இல்லை.

கடைசி நாள் காய்ச்சலில் நீங்கள் கதைத்தது ஆங்கிலம் இல்லை. உங்கள் தாய்மொழி. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கேள்வி என்று குரலில் தெரிந்தது. வைத்தியர் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் நான், ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

உங்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தகரப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு அம்மாவிடம் கையொப்பம் வாங்கினார்கள். எட்டாம் நாள் அம்மா புட்டும் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்து உங்களுக்குப் படைத்தார். என்ன சமயம் என்றே தெரியாத ஆளுக்குப் படைக்கிறதோ என்று மாமி கேட்டார். “இந்தக் குசினியிலை இருந்து சாப்பிட்ட பிள்ளை,” என்றார் அம்மா. “எனக்கு அவ்வளவுதான் தெரியும்.” மாமி வீட்டுக்குப் போய்ப் பலாக்கொட்டைக் கறி கொண்டுவந்து இலையில் வைத்தார்.

பாதை திறந்த பிறகு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். ஒழுங்காகக் குளிசை குடித்தவருக்கு எப்படி வந்தது என்பது அவர்களுடைய கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் குடித்தா, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போது வாகனச் சாரதி அண்ணை வேலியோடு நின்று சுருட்டுப் பற்றினார். ஏதோ கதைக்க வேண்டுமே என்று, மிஸியிடம் இரண்டு போத்தல் இருந்ததே, அதில் மிச்சம் இருந்ததா என்று கேட்டேன்.

“என்ன ரெண்டு போத்தல்? ஆளுக்கு ஒண்டுதான் தங்கச்சி. நான்தானே கடைசியாக் கொண்டந்து குடுத்தனான்.”

அன்றைக்கு எனக்கு விளங்கியது, வெறும் கையை வாயோடு சேர்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று. நான் வீட்டுக்குள் போய், விசாரிக்க வந்தவர்களிடம் எதையும் திருத்திச் சொல்லவில்லை. விதியை மீறினா என்று எழுதிவிடுவார்கள் என்று ஒரு காரணம். எனக்கு வேலை போய்விடும் என்பது மற்றது.

பங்குனியில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பெண். ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லாமல் பிறந்தது. உங்கள் சாவுக்கு அதை நான் ஒரு பதிலாக வைத்திருந்தேன், மிஸி. ஒருவர் போய் ஒருவர் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு வருடம் நித்திரை கொண்டேன். அவள் வேலி பிடித்து நடக்கும்போதெல்லாம், மாமியின் கோழியைத் துரத்தும்போதெல்லாம், இது மிஸியின் கணக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்று அந்தப் பொலித்தீன் முடிச்சை அக்காவின் முன்னால் நீட்டினேன். பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்தது. அக்கா குளிசையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு, பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“வாய்க்குள்ளை ஒதுக்கி வைச்சிட்டு, நீ போனாப் பிறகு துப்பினனான்.”

“ஒண்டுகூடக் குடிக்கேல்லையோ?”

“பயமா இருந்தது.”

“அப்ப எறிஞ்சிருக்கலாமே.”

“மருந்தை எப்பிடி எறியிறது? ஆருக்காவது உதவும் எண்டு துடைச்சுக் காயவைச்சு வைச்சனான். அவா செத்தாப் பிறகு வெளியிலை எடுக்க வெக்கமாப் போச்சு.”

ஏன் எனக்கு அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். கூரையில் இருந்த அத்தான் வேலையை நிறுத்தினார். அக்கா கத்தவில்லை.

“சொன்னனான். முதல் நாளே குசினியிலை, அவாவுக்கு முன்னாலை வைச்சுச் சொன்னனான். நீதான் அவாவுக்குச் சொல்லேல்லை.”

அது உண்மை. முதல் பிள்ளையின்போது காய்ச்சல் வந்த அன்றைக்கே அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குளிசை கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் கொன்றதைக் குளிசை கொன்றது என்று மாமியும் மற்றப் பெண்களும் முடிவுகட்டினார்கள். குளிசை சூடு, வயிற்றில் பிள்ளை தாங்காது என்றார்கள். அக்கா அதை நம்பினாள். அவளுக்கு அதை வேறு விதமாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை. நான் இருந்தேன், எனக்கு ஆங்கிலம் தெரியும், பன்னிரண்டாம் வகுப்பு தெரியும், கோபம் தெரியும். உங்கள் முன்னால் என் சொந்த அக்கா சூடு, குளிர் என்று கேட்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டிக்காட்டுச் சனம் என்று நினைப்பீர்களே என்று வெட்கம். மாமியின் பகிடியை ஒரு சொல் விடாமல் உங்களுக்குச் சொன்னவள், அக்காவின் கேள்வியை விழுங்கிவிட்டு, நன்றி சொல்கிறாள் என்றேன். அக்காவிடம் திரும்பி, “சூடு கீடு ஒண்டும் இல்லை, பேசாமல் குடி,” என்றேன்.

நீங்கள் ஒரு குழந்தையிடம் விளக்குவதுபோலத் தரையில் குந்தியிருந்து விளக்கியிருப்பீர்கள். கிளினிக்கில் நூறு பெண்களுக்கு அப்படி விளக்கியதை நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா குடித்திருப்பாள். அல்லது வேண்டாம் என்று திருப்பித் தந்திருப்பாள். அந்தப் பதினொன்றும் உங்கள் வயிற்றுக்குப் போயிருக்கும். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒரே குசினியில் இரண்டு பெண்கள் விழுங்காததை விழுங்கியதுபோலக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் நான் நின்று, இரண்டு பேருக்கும் நன்மை செய்ததாக நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

நான் இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். புதிதாக வந்திருக்கும் தாதிக்கு என்னைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, தேவையானதைச் சுருக்கிச் சொன்னால் போதும் என்கிறா. இன்று காலை கிளினிக்கில் நான் சுருக்கவில்லை. ஒரு கிழவர் அவாவை ஏசியதையும் சொன்னேன். ஒரு பெண் தன் கனவைச் சொன்னாள், அதையும் சொன்னேன். வரிசை நீண்டது, அவா பெருமூச்சு விட்டா. விடட்டும். பொலித்தீன் முடிச்சு என் பையில் இருக்கிறது. பழுதாகிவிட்ட மருந்து, இனி ஒருவருக்கும் உதவாது. எறியவும் முடியவில்லை.

அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள், என்ன சொல்கிறாள் என்று. அவள் சொன்னது இதுதான்: “முதல் பிள்ளை குளிசை குடிச்சாப் பிறகுதான் போனது. இதுவும் வயித்துக்குச் சூடோ? பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ? அவாவைக் கேட்டுச் சொல்லு.”

கேட்கிறேன், மிஸி. அக்கா குசினி வாசலில் பிள்ளையோடு நிற்கிறாள். இந்தத் தரம் நீங்கள் சொல்வதை அப்படியே சொல்வேன்.

சொல்லுங்கோ.